ஓங்கல் விலகும், நீலத் திமிங்கிலம் விலகாது

அன்பு மகனுக்கு,

இலங்கையில் காலி ஊருக்குத் தெற்கே, கடலில் நீ எடுத்த வீடியோ வந்தது. கப்பல் முகப்பில் ஓங்கல் (டால்பின்) கூட்டம் துள்ளுவதை அம்மா திரும்பத் திரும்பப் போடச் சொன்னாள். கீழே நீ எழுதியிருந்ததுதான் எனக்கு உறுத்தியது: "இதுங்களுக்கு ரொம்ப அறிவுப்பா, கப்பல் வந்தா தானா விலகிக்கும்."

ஓங்கலுக்கு அது சரி. அதன் அறிவைக் கடலில் கிடந்தவனுக்குச் சொல்லித் தர வேண்டாம். ஒவ்வொன்றும் குட்டியிலேயே தனக்கென்று ஒரு சீட்டியை உண்டாக்கிக்கொள்ளும். அந்தச் சீட்டியைக் கேட்டால் பதில் கொடுக்கும். கூட வாழ்ந்த ஒன்றின் சீட்டியை 20 வருஷம் கழித்துக் கேட்டும் அடையாளம் கண்டதாக அமெரிக்காவில் பதிவு செய்திருக்கிறார்கள்.

ஆனால் அறிவு இருக்கிறதே என்று எல்லா ஆபத்திலும் தானாகத் தப்பித்துக்கொள்ளும் என்று நினைக்காதே. 2016 ஜனவரியில் நம் மணப்பாட்டுக் கரையில் நடந்தது உனக்கு நினைவிருக்கும். கல்லாமொழி வரைக்கும் ஓங்கல் குடும்பத்தைச் சேர்ந்த பைலட் திமிங்கிலங்கள் எண்பதுக்கு மேல் ஒதுங்கின. நானும் இறங்கித் தள்ளினேன். கறுத்த தோல், கையில் ரப்பர் மாதிரி வழுக்கியது. வெயில் ஏறினதும் முதுகு வெடித்து உரியத் தொடங்கியது. வாலில் கயிறு போட்டு, படகில் கட்டி, ஆழத்துக்கு இழுத்து விட்டோம். கயிற்றை அவிழ்த்ததும் சில அப்படியே திரும்பிக் கரையைப் பார்த்து வந்தன. கரையில் கிடந்தவை கீச்சென்று கத்திக்கொண்டிருந்தன. அதைக் கேட்டுத்தான் வந்தன என்று நம்மவர்கள் சொன்னார்கள், நானும் அப்படித்தான் நினைக்கிறேன். பாதிக்கு மேல் செத்துப்போய், ஜேசிபி வைத்துக் குழி தோண்டிப் புதைத்தார்கள். 1973 ஜனவரியிலும் இதே கரையில் 147 ஒதுங்கியிருக்கின்றன.

அவை தாய்வழிக் கூட்டமாக வாழ்பவை. பெண்களுக்கு நாற்பது வயதுக்குள் குட்டி ஈனுவது நின்றுவிடும், அதற்குப் பிறகும் இருபது வருஷம் போல வாழும். ஆண்பிள்ளைகள்கூடப் பெரும்பாலும் தாயின் கூட்டத்தை விட்டுப் போவதில்லை. இதை அம்மாவிடம் சொன்னேன். "பார்த்தியளா" என்றாள், உன்னை மனசில் வைத்துத்தான்.

சரி, உன் கப்பல் பாதைக்கு வருகிறேன். இலங்கைக்குத் தெற்கே, டோண்ட்ரா ஹெட் என்கிற முனைப் பக்கம், நீலத் திமிங்கிலம் இருக்கிறது. மற்ற கடல்களில் உள்ள பலவற்றைப் போல இவை துருவப் பக்கத்துக் குளிர்ந்த கடலுக்குப் போவதில்லை. வருஷம் முழுக்க இந்தச் சூடான கடலிலேயே கிடந்து நம்ம கூனி மாதிரி பொடி இறாலைத் தின்னும். அங்கே கரைக்குப் பக்கத்திலேயே ஆழம், அதனால் இரையும் பக்கத்தில். உங்கள் கப்பல் தடமும் அதே இடத்தில்தான். 2012-ல் கொழும்புத் துறைமுகத்துக்குள் வந்த கன்டெய்னர் கப்பலின் முகப்பில் ஒரு நீலத் திமிங்கிலம் செத்து மடிந்து கிடந்தது.

அது ஏன் விலகவில்லை என்று கேட்பாய். தன்னைவிடப் பெரிசாக ஒன்று மேலே ஓடி வரும் என்பதை அது லட்சக்கணக்கான வருஷமாகப் பார்த்ததே இல்லை. கப்பல் நெருங்கினாலும் மெதுவாகத்தான் முங்கும், பக்கவாட்டில் ஒதுங்கத் தெரியாது. அது பேசுவதும் நம் காதுக்கு எட்டாத கனத்த குரலில். உங்கள் புரொப்பல்லர் இரைச்சலும் அந்தச் சுதியிலேயே ஓடுவதால், ஒன்று கூப்பிடுவது மற்றதுக்குக் கேட்பதுகூடச் சிரமம்.

செய்ய முடியாத காரியமும் இல்லை. எம்எஸ்சி என்கிற கப்பல் கம்பெனி 2022 முதல் தன் கப்பல்களை அங்கே சுமார் 15 கடல் மைல் தெற்கே தள்ளி ஓட்டுகிறது. கொஞ்சம் எண்ணெய் கூடும், கொஞ்ச நேரம் போகும், அவ்வளவுதான்.

நீ தேர்ட் ஆபீசர், பாதையை முடிவு செய்வது உன் கையில் இல்லை என்று எனக்கும் தெரியும். ஆனாலும் பாசேஜ் பிளான், அதாவது கப்பல் போகிற வழித்திட்டம், போடுகிற செகண்ட் ஆபீசரிடம் ஒரு வார்த்தை கேளேன். தெற்கே தள்ளிப் போக முடியாது என்றால், அந்த இடத்தில் வேகத்தையாவது குறைக்கலாமா என்று. உன் வாட்ச், அதாவது காவல் முறை, பகலில் வந்தால் நீரில் மூச்சு பீறிடுகிறதா என்று பார். நீலத் திமிங்கிலத்தினுடையது நேராக, உசரமாக எழும்பும். கண்டால் கேப்டனை எழுப்பத் தயங்காதே, திட்டினால் வாங்கிக்கொள்.

கொழும்பில் இறங்கினால் போன் பண்ணு. என்ன சொன்னார்கள் என்று தெரிய வேண்டும்.

அப்பா
மணப்பாடு