மிக்கிக்கு முன்னால் ஒரு டைனோசர்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு இணைப்பில் வந்த கார்ட்டூன் நாயகர்கள் கட்டுரையை இரண்டு முறை படித்தேன். மிக்கி, பக்ஸ் பன்னி, பாப்பாய், டாம், ஜெர்ரி என்று தெரிந்த முகங்கள் எல்லாம் வந்திருந்தன. சந்தோஷம். ஆனால் 'உயிருள்ள முதல் கார்ட்டூன் பாத்திரம் 1928-இல் மிக்கியோடு பிறந்தது' என்ற வரியைத் தாண்டிப் போக என்னால் முடியவில்லை.

பத்தொன்பது வருடம் கார்ட்டூன் படங்களுக்கு இன்பிட்வீன் வரைந்தவன் நான். மூத்த ஓவியர் ஓர் அசைவின் தொடக்கத்தையும் முடிவையும் வரைந்து கொடுப்பார். நடுவில் வர வேண்டிய படங்களை, அடியில் விளக்கு எரியும் லைட் பாக்ஸில் தாளை வைத்து நாங்கள் வரைவோம். திரையில் எங்கள் பெயர் வருவது அபூர்வம். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

மிக்கிக்குப் பதினான்கு வருடம் முன்பே, 1914-இல், அமெரிக்க ஓவியர் வின்சர் மெக்கே கெர்ட்டி என்ற பெண் டைனோசரைக் கார்ட்டூன் படமாக வரைந்து மேடைக்குக் கொண்டுவந்துவிட்டார். பாத்திரத்தை மட்டும் வரைந்து பின்னணிப் படத்தின் மேல் வைக்க உதவும், கண்ணாடி போன்ற செல்லுலாய்டு ஷீட் வழக்கத்துக்கு வராத காலம் அது. பின்னால் இருக்கும் பாறை, மரம், ஏரி அத்தனையையும் ஒவ்வொரு தாளிலும் மறுபடி வரைந்தாக வேண்டும். அதற்கென்றே ஜான் ஃபிட்ஸ்சிம்மன்ஸ் என்ற இளைஞரைக் கூட வைத்துக்கொண்டார். ஆயிரக்கணக்கான தாள்கள்! முக்கிய நிலைகளை முதலில் வரைந்துவிட்டு, அப்புறம் இடைவெளியை நிரப்பும் முறையையும் இந்தப் படத்தில் கையாண்டார். என் பிழைப்புக்குப் பிள்ளையார் சுழி போட்டவர் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

மெக்கே கையில் சாட்டையோடு மேடையில் நிற்பார். பக்கத்தில் திரையில் கெர்ட்டி. காலைத் தூக்கச் சொன்னால் தூக்குவாள், சில சமயம் காதிலேயே வாங்க மாட்டாள். திட்டினால் அழுவாள். மெக்கே ஆப்பிளை வீசுவது போல் பாவனை செய்து அதை மறைத்துக்கொள்ள, திரையில் அவள் அதை வாயில் பிடிப்பாள். கடைசியில் அவர் திரைக்குப் பின்னால் போய்விடுவார். படத்துக்குள் வரைந்த மெக்கே அவள் முதுகில் ஏறிப் போவார். சொன்னதைச் செய்ததால் அல்ல, செய்ய மறுத்ததால்தான் அவளுக்கு ஒரு மனம் இருப்பதாக ஜனங்களுக்குத் தோன்றியது என்பேன்.

வேலையில் சேர்ந்த முதல் மாதம், சும்மா நிற்கும் ஒரு மாட்டை வரையச் சொன்னார்கள். நிற்கிற மாடுதானே என்று ஒரே படத்தைப் பன்னிரண்டு முறை நகலெடுத்தேன். ஓட்டிப் பார்த்தால் செத்த மாடு. என் குரு திட்டவில்லை, கெர்ட்டியைப் போட்டுக் காட்டினார். அவள் எங்கும் போகாமல் நிற்கிறாள். வயிற்றுக் கோடு மட்டும் மெல்ல ஏறி இறங்குகிறது. தன் மூச்சையே நேரம் பார்த்து மெக்கே அதை வரைந்தாராம்.

அடுத்து 1919-இல் ஃபீலிக்ஸ் பூனை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, தலையைக் குனிந்தபடி அது நடந்தால் ஏதோ யோசிக்கிறது என்று சின்னக் குழந்தைக்கும் புரியும். பல வருடம் பெயர் தட்டிக்கொண்டு போனவர் ஸ்டூடியோ முதலாளி பாட் சல்லிவன். மேசையில் குனிந்து அந்தப் பூனைக்கு உயிர் கொடுத்தவர் ஆட்டோ மெஸ்மர். எங்கள் ஜாதி!

மிக்கியோடு எனக்குப் பகை ஒன்றுமில்லை. அதன் 1928 படமான 'ஸ்டீம்போட் வில்லி'யில் இசைத்தாளைத் தின்ற ஆட்டின் வாலை மிக்கியின் தோழி மின்னி சுழற்ற, ஆட்டின் வாயிலிருந்து பாட்டு வரும் இடத்துக்கு இன்றும் சிரிக்கிறேன். ஒலியும் அசைவும் அவ்வளவு கச்சிதமாகப் பொருந்தியதுதான் மிக்கியின் சாதனை. ஒலியோடு வந்த முதல் கார்ட்டூன் என்ற பெருமைகூட அதற்குச் சேராது; அமெரிக்கக் கார்ட்டூன் தயாரிப்பாளர்களான ஃப்ளைஷர் சகோதரர்கள் 1926-லேயே செய்துவிட்டார்கள். ஆனால் அது வேறு கடிதம்.

அந்த ஒரு வரிக்குத் திருத்தம் போட்டால் போதும். இடம் இருந்தால் கெர்ட்டியின் படம் ஒன்றும் போடுங்கள். மேடைக் காட்சிக்குப் பிறகு திரையரங்குகளுக்காகத் தயாரித்த வடிவம் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. முன்பாதியில் மெக்கேயும் நண்பர்களும் பந்தயம் கட்டிக்கொண்டிருப்பார்கள், கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும். கெர்ட்டி வந்ததும் முகத்தை விட்டுவிட்டு வயிற்றைப் பாருங்கள்.

இப்படிக்கு,
ஒரு பழைய இன்பிட்வீன் ஓவியர்