சுகமானதும் குளிசையை நிறுத்தலாமா?

ஆசிரியருக்கு,

மனச்சோர்வுக்கும் பதகளிப்புக்கும் கிளினிக்கில் தரப்படும் குளிசைகளை நம் மக்கள் இரண்டு கட்டங்களில் கைவிடுகிறார்கள். தொடங்கிய முதல் இரண்டு கிழமையில் ஒன்று; சுகம் கண்டவுடன் மற்றது.

செர்ட்ராலின், ஃபுளூஒக்செட்டின் போன்றவற்றின் பலன் தெரிய 2 முதல் 4 கிழமை செல்லும். முழுப் பலனுக்கு 6 முதல் 8 கிழமையும் ஆகலாம். ஆனால் குமட்டல், தலையிடி, நித்திரைக் குழப்பம், கூடுதல் படபடப்பு எல்லாம் முதல் நாட்களிலேயே வந்துவிடும். பெரும்பாலும் ஓரிரு கிழமையில் தணியும். சாப்பிட்ட பின் காலையில் எடுத்தால் குமட்டலும் நித்திரைக் குழப்பமும் குறையும். பதகளிப்பு உள்ளவருக்கு செர்ட்ராலினை 25 மில்லிகிராமில் தொடங்கி 50க்கு உயர்த்துவது, தொடக்கத்தில் படபடப்பு கூடாதிருக்கத்தான். நோன்பு காலத்தில் நேரத்தை சஹருக்கோ இப்தாருக்கோ மாற்றலாமா என்று வைத்தியரிடம் கேளுங்கள். நாளுக்கு ஒருதடவை எடுக்கும் குளிசைக்கு அது பொதுவாக இயலும்.

வீட்டார் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. 25 வயதுக்குக் குறைந்தவர்களுக்குத் தொடக்கத்திலும் அளவு மாறும்போதும் தற்கொலை எண்ணம் கூடக்கூடும். இருக்கவிடாத பதற்றமோ சாவு பற்றிய பேச்சோ தெரிந்தால் அடுத்த கிளினிக் நாள்வரை காத்திராமல் உடனே வைத்தியசாலைக்குக் கூட்டிச் செல்லுங்கள். தேசிய மனநல உதவி எண்ணான 1926க்கும் அழைக்கலாம். நித்திரையே இல்லாமல் அளவுகடந்த உற்சாகமும் பேச்சும் வந்தாலும் வைத்தியருக்கு உடனே தெரிய வேண்டும்.

சுகமான பின்னும் குறைந்தது 6 மாதம் தொடர வேண்டும். நோய் திரும்பி வந்தவர்களுக்கு இன்னும் நீளும். திடீரென நிறுத்தினால் தலைசுற்று, எரிச்சல், தலைக்குள் மின்சாரம் பாய்ந்தாற்போன்ற உணர்வு வரலாம். இதைக் கண்டு ‘மருந்துக்கு அடிமையாகிவிட்டோம்’ என்று அஞ்சுகிறார்கள். அது அடிமைத்தனம் அல்ல, மருந்துக்குப் பழகிய மூளை தடுமாறுவது. வைத்தியர் சொல்லும்படி படிப்படியாகக் குறைத்தால் பெருமளவு தவிர்க்கலாம். வெருகல், ஈச்சிலம்பற்று போன்ற தூர இடங்களிலிருந்து வருவோர் குளிசை தீர்ந்த பிறகல்ல, ஒரு கிழமைக்கு இருக்கும்போதே புறப்பட வேண்டும். ஒருநாள் தவறினால் மறுநாள் இரண்டாக எடுக்கவே கூடாது.

நாரி நோவுக்கு பார்மசியில் மருந்து கேட்கும்போது கிளினிக் கொப்பியைக் காட்டுங்கள். ட்ரமடோல் சேர்ந்தால் நடுக்கம், காய்ச்சல், குழப்பம் என ஆபத்தாகலாம். டைக்ளோஃபினாக் சேர்ந்தால் வயிற்றில் இரத்தம் கசியும் அபாயம் கூடும்.

மனச்சோர்வுக்குத் தரும் பழைய வகைக் குளிசையான அமிட்ரிப்டிலின் வீட்டில் இருந்தால் பூட்டி வையுங்கள். அளவுக்கு மிஞ்சினால் அது இதயத் துடிப்பையே குலைக்கும். சிறுபிள்ளையின் உயிருக்கு ஆபத்தாகச் சில குளிசைகளே போதும்.

இங்ஙனம்,
ஒரு மருந்தாளர்,
உப்புவெளி, திருகோணமலை.