தம்பியின் பெயரால் கைகொடுத்த எல்லோருக்கும்

அன்புள்ள எல்லோருக்கும் வணக்கம்.

மிருதங்கம் வாசித்த எங்கள் தம்பி மூளைக்கட்டியால் எங்களை விட்டுப் போனான். இசை கற்கும் பிள்ளைகளுக்கு உதவித்தொகையும் மூளைக்கட்டி ஆய்வுக்குப் பணமும் கொடுக்க அவன் பெயரால் ஒரு சின்ன அறக்கட்டளை நடத்துகிறோம். அதற்காக ஜூன் 8, உலக மூளைக்கட்டி தினத்தன்று கும்பகோணத்தில் தம்பியின் நினைவாக நடந்த கச்சேரிக்கு வந்தவர்கள், வர முடியாமல் பணம் அனுப்பியவர்கள், பெயர் வெளியில் வரக் கூடாது என்று கேட்டுக்கொண்டு உதவியவர்கள் எல்லோருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. ஒவ்வொருவரையும் போனில் கூப்பிட்டுப் பேச வேண்டும் என்றுதான் அம்மா ஆசைப்பட்டார். ஆனால் பேச ஆரம்பித்தாலே குரல் உடைந்துவிடுகிறது. அதனால் எழுதும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது.

முதல் நன்றி தம்பியின் குருநாதருக்கு. அவன் உடம்பில் ஏதோ சரியில்லை என்பதை வீட்டிலிருந்த எங்களுக்கு முன்பே கண்டுபிடித்தவர் அவர். மிருதங்கத்தின் வலப்பக்க முகமான வலந்தலையில் சாப்பு, மீட்டு என்ற சொற்கள் எப்போதும்போல் சுத்தமாக விழுந்துகொண்டிருந்தன. இடது கையால் வாசிக்கும் தொப்பி முகத்தில், குழைந்து வர வேண்டிய கும்கி நாதம் மட்டும் குழையவில்லை, கட்டையாக நின்றது. மிருதங்க மேதை பழனி சுப்ரமணிய பிள்ளையின் பழைய ஒலிப்பதிவுகளைக் கேட்டுக் கேட்டு அந்தக் கும்கிக்காகவே உயிரை விட்டவன் அவன். சாதகம், அதாவது பயிற்சி, போதவில்லை என்று குருநாதர் திட்டியிருக்கலாம். திட்டவில்லை. சில வகுப்புகள் பேசாமல் அவன் இடது கையையே கவனித்தார். அப்புறம் அப்பாவைக் கூப்பிட்டு, "இது சாதகக் குறைவு இல்லை சார், பையனை நரம்பு டாக்டரிடம் காட்டுங்க" என்றார். இடது கையை ஆட்டுவிப்பது மூளையின் வலப்பக்கம். ஸ்கேனில் கட்டியும் அங்கேதான் இருந்தது.

அடுத்து, அறுவை சிகிச்சை செய்த டாக்டர்களுக்கும் மயக்க மருத்துவருக்கும். பெயரைப் போட வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். மண்டைத் தோலை மரத்துப்போகச் செய்துவிட்டால், நோயாளி விழித்திருக்கும்போதே மூளையில் அறுவை செய்யலாம். மூளைக்கு வலி தெரியாது. 2020-ல் லண்டன் கிங்ஸ் காலேஜ் மருத்துவமனையில் ஒரு வயலின் கலைஞர் தன் விரல்களைக் காப்பாற்றிக்கொள்வதற்காக அறுவை மேசையிலேயே வயலின் வாசித்த செய்தியைப் பலர் பார்த்திருப்பீர்கள். தம்பியால் மிருதங்கத்தை மடியில் வைத்துக்கொள்ள முடியாது. அதனால் இடது கையால் ஆதி தாளம் போடச் சொன்னார் மயக்க மருத்துவர். ஒரு தட்டு, சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல், பிறகு தட்டு வீச்சு, தட்டு வீச்சு. அந்த டாக்டரம்மாவும் சின்ன வயதில் பாட்டுக் கற்றவராம், அவனோடு சேர்ந்தே எண்ணியிருக்கிறார். மோதிரவிரல் தயங்கிய இடத்தில் சர்ஜன் கையை நிறுத்திக்கொண்டார். அதற்குப் பிறகும் தம்பி மிருதங்கம் வாசித்தான் என்றால் அந்த இடத்தில் அவர் நிறுத்திக்கொண்டதால்தான். இதற்கு எப்படி நன்றி சொல்வது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

கட்டியின் பெயர் கிளியோபிளாஸ்டோமா, வேகமாக வளரும் ஒரு மூளைப் புற்றுநோய். இதற்கு இன்றைக்கும் அடிப்படையாக இருப்பது 2005-ல் வந்த சிகிச்சை முறைதான். எடுக்க முடிந்தவரை கட்டியை எடுப்பது, ஆறு வாரம் கதிர்வீச்சு, கூடவே டெமோசோலமைடு மாத்திரை, பிறகு மாதாமாதம் சில நாட்கள் அதே மாத்திரை. அந்த முறையை நிலைநாட்டிய ஆய்வில், கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களில் பாதிப் பேர் 12.1 மாதம் தாண்டி உயிரோடு இருந்தார்கள். மாத்திரையும் சேர்ந்தபோது அது 14.6 மாதம் ஆனது. இரண்டு ஆண்டு தாண்டியவர்கள் 100-க்குச் சுமார் 10 பேராக இருந்தது 26 ஆனது. இத்தனை வருஷத்துக்குப் பிறகும் இந்த எண்களையே சொல்ல வேண்டியிருக்கிறது என்பதுதான் எங்களுக்குப் பொறுக்கவில்லை.

"இசை உதவித்தொகை ஒரு பக்கம், மூளைக்கட்டி ஆய்வு ஒரு பக்கம், சின்ன அறக்கட்டளைக்கு ஏன் இரண்டு வேலை?" என்று அக்கறையோடு கேட்டவர்கள் உண்டு. இது தம்பியே சொல்லிவிட்டுப் போனது. மாத்திரை சாப்பிட்டுவிட்டுச் சோர்ந்து படுத்திருந்த ஒரு நாள், "அக்கா, என் மிருதங்கத்தை யாராவது வாசிக்கணும். என் ரிப்போர்ட்டை யாராவது படிக்கணும்" என்றான். அவ்வளவுதான். ஒன்றை வைத்துக்கொண்டு இன்னொன்றை விட எங்களுக்கு மனசு வரவில்லை. இரண்டுக்கும் சேர்த்தே கொடுத்தீர்களே, அதற்குத் தனியாக ஒரு நன்றி.

எடுத்த கட்டியின் ஒரு பகுதியை ஆய்வுக்கு வைத்துக்கொள்ளலாம் என்று தம்பி கையெழுத்துப் போட்டுக் கொடுத்தான். அவனைப் போலவே கையெழுத்துப் போட்ட குடும்பங்கள் சில கச்சேரிக்கு வந்திருந்தன. மேடையில் யாரும் அவர்களுக்குப் பொன்னாடை போர்த்தவில்லை, அவர்களும் அதை விரும்பவில்லை. ஆனால் அவர்கள் கொடுத்ததற்கு ஈடு கிடையாது. இடைவேளையில் பேசிய ஆய்வு மாணவி அதை நன்றாக விளக்கினார். 2008-ல் ஆய்வாளர்கள் மூளைக்கட்டிகளின் மரபணுக்களைப் படித்தபோது, சிலவற்றில் ஐடிஎச்1 என்ற மரபணு மாறியிருப்பதைக் கண்டார்கள். அந்த மாற்றத்தையே குறிவைக்கும் வொராசிடெனிப் என்ற மாத்திரைக்கு 2024-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. இடையில் 16 வருஷம். மெதுவாக வளரும் ஒரு வகைக் கட்டிக்குத்தான் அது, தம்பிக்கு வந்ததற்கு உதவாது. ஆனால் முகம் தெரியாத எத்தனையோ நோயாளிகள் தங்கள் கட்டியை ஆய்வுக்குக் கொடுத்ததால்தான் அந்த மாத்திரை வந்தது. தம்பியின் வகைக்கும் அப்படி ஒன்று வர வேண்டும்.

ரத்தத்திலிருந்து கண்டதும் மூளைக்குள் போய்விடாமல் தடுக்கும் ஒரு காப்பு நம் உடம்பில் இருக்கிறது. நல்லதற்குத்தான் அது, ஆனால் பெரும்பாலான மருந்துகளையும் உள்ளே விடுவதில்லை. நம் பணம் உதவித்தொகையாகப் போகும் அந்த மாணவியின் ஆய்வு இதைப் பற்றியதுதான். ஆய்வகத்தில் செல்களை வளர்க்கத் தேவையான பொருள்களுக்கும் ஒரு பகுதி போகிறது. பெரிய கண்டுபிடிப்பு என்று யாருக்கும் நாங்கள் வாக்குக் கொடுக்கவில்லை. ஒரு நல்ல பெண் பணக் கவலை இல்லாமல் படித்து முடிப்பார், அதற்கு நீங்கள் துணை நின்றிருக்கிறீர்கள்.

இசைப் பக்கம் வருகிறேன். தம்பியின் மிருதங்கத்துக்கு வழக்கமாக மூட்டு, அதாவது தோல் முகம், மாற்றிக் கொடுப்பவர், உதவித்தொகை பெறும் பிள்ளைகளின் மிருதங்கங்களுக்கும் கூலி வாங்காமல் வேலை செய்து கொடுத்தார். அவர் பட்டறையில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். கல்பொடியையும் சோற்றையும் பிசைந்து, வலந்தலையின் நடுவில் துளித் துளியாக அப்பி, வழவழப்பான கல்லால் தேய்த்து, காயவிட்டு, மறுபடி அப்பி, தட்டிப் பார்த்து, காதைத் திருப்பி, மறுபடி தேய்ப்பார். சுருதி அவர் மனசுக்குப் பிடிக்கும்வரை எழுந்திருக்க மாட்டார். கச்சேரியில் கேட்ட அந்த நாதத்தில் பாதி அவருடையது. மேடைக்கு அழைத்தோம், கடைசி வரிசையில் நின்றபடியே கேட்டுவிட்டுப் போய்விட்டார். மாமா, இந்தக் கடிதத்தை உங்களுக்கு யாராவது படித்துக் காட்டுவார்கள் என்று நம்புகிறேன். எங்கள் வீட்டில் எல்லோருடைய நமஸ்காரமும் உங்களுக்கு.

நாதஸ்வரமும் தவிலும் கற்கும் பிள்ளைகளை இந்த ஆண்டு முதல் சேர்த்திருக்கிறோம். கும்பகோணத்தில் இருந்துகொண்டு அவர்களை விட்டுவிட முடியுமா? நாதஸ்வரம் செய்யும் ஊரான நரசிங்கம்பேட்டை பக்கத்தில்தான் இருக்கிறது. அந்த ஊர் நாதஸ்வரத்துக்கு 2022-ல் புவிசார் குறியீடு கிடைத்ததில் நம் எல்லோருக்கும் பெருமை. ஆனால் நாதஸ்வரம் கடையும் நல்ல ஆச்சா மரம் கிடைப்பது கஷ்டம், வாத்தியத்தின் விலை ஏழைப் பிள்ளைக்கு எட்டுவதில்லை, வாயில் வைத்து ஊதும் சீவாளியையும் திரும்பத் திரும்ப வாங்கிக்கொண்டே இருக்க வேண்டும். பழைய வீட்டைப் பிரித்தபோது கிடைத்த ஆச்சா உத்திரத்தைப் பிள்ளைகளுக்கு என்று ஆசாரியிடம் கொண்டுபோய்க் கொடுத்த குடும்பத்துக்கு மிக்க நன்றி. மனசிருந்தால் எப்படியெல்லாம் உதவலாம் என்று எங்களுக்கே காட்டினீர்கள்.

தவில் கற்கும் பெண் ஒருத்தி இந்த முறை மேடையேறினாள். விரல்களில் கூடு மாட்டும்போது கை நடுங்கியது. முதல் தீர்மானம், அதாவது வாசிப்பை முடிக்கும் தாளக் கோர்வை, சரியாக வந்து விழுந்ததும் பக்கத்தில் இருந்த பெரியவர் "பேஷ்" என்றார் பாருங்கள், அப்புறம் அவளை நிறுத்த முடியவில்லை. அந்தப் பெரியவருக்கும், அன்று சன்மானம் வாங்க மறுத்த எல்லா வித்வான்களுக்கும் எங்கள் வணக்கம். முகூர்த்தச் சமயத்தில் ஒரு நாளை விட்டுக்கொடுப்பது அவர்களுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று எங்களுக்குத் தெரியும்.

அரங்கை வாடகையில்லாமல் கொடுத்த சபாவுக்கு, காபியும் கேசரியும் குறைவில்லாமல் பார்த்துக்கொண்ட சமையல்காரருக்கு, வண்டி நிறுத்த வழிகாட்டிய தெருப் பையன்களுக்கு, தம்பியின் கல்லூரித் தோழர்களுக்கு நன்றி. கீமோ நாட்களில் காசு வாங்காமல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போன ஆட்டோ அண்ணன் இந்த முறையும் ஒரு கவரைக் கொடுத்துவிட்டுப் போனார். அண்ணா, நீங்கள் ஏற்கெனவே கொடுத்தது போதாதா?

கடைசி மாதங்களில் வீட்டுக்கே வந்து வலி தெரியாமல் பார்த்துக்கொண்ட நர்ஸ் அக்காவை நாங்கள் மறக்கவே முடியாது. பேச்சு குறைந்துபோன பிறகும் அவர் தம்பியிடம் தினமும் பேசினார், என்ன மருந்து போடுகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் போட்டார்.

வரவு செலவுக் கணக்கை ஆடிட்டர் பார்த்து முடித்துவிட்டார். அவரும் கட்டணம் வாங்கவில்லை. யார் கேட்டாலும் நகல் தருகிறோம். நன்கொடை ரசீதுகள் எல்லாம் தபாலில் போய்விட்டன, ஒன்றைத் தவிர. மணியார்டரில் வந்த 500 ரூபாய்க்கு அனுப்புநர் இடத்தில் "ஒரு தாய்" என்று மட்டும் இருந்தது. அம்மா, உங்கள் ரசீது எங்களிடம் பத்திரமாக இருக்கிறது. உங்களுக்கு விருப்பமிருந்தால் எப்போது வேண்டுமானாலும் வீட்டுக்கு வாருங்கள், எங்கள் அம்மா உங்களிடம் பேச வேண்டும் என்கிறார்.

அடுத்த ஆண்டு உதவித்தொகைக்கு விஜயதசமியிலிருந்து விண்ணப்பிக்கலாம். மிருதங்கம், நாதஸ்வரம், தவில் கற்கும் எந்தப் பிள்ளையும் விண்ணப்பிக்கலாம். குருவின் கையெழுத்துப் போட்ட ஒரு கடிதம் போதும், வருமானச் சான்றிதழ் கேட்டு யாரையும் அலையவிட மாட்டோம். உங்களுக்குத் தெரிந்த பிள்ளைகளிடம் சொல்லுங்கள்.

நன்றியுடன்,
தம்பியின் அக்காவும் அம்மா அப்பாவும்
கும்பகோணம்