அரண்மனையில் கச்சேரியையும் காட்டுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தென்மாவட்ட ஜமீன் அரண்மனைகளைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையை வாசித்தேன். படங்கள் அருமை. ராமநாதபுரம் ராமலிங்க விலாசத்துச் சுவரோவியங்களில் தொடங்கி எங்கள் அம்பாசமுத்திரம் பக்கத்துச் சிங்கம்பட்டி வரை வந்துவிட்டார் கட்டுரையாளர். வாள், பல்லக்கு, யானைத் தந்தம் எல்லாம் இருக்கிறது. இதற்கெல்லாம் பணம் எங்கிருந்து வந்தது என்று மட்டும் ஒரு வரிகூட இல்லை.

என் தாத்தா ஒரு ஜமீன் கிராமத்துக் கணக்குப்பிள்ளை. நானும் வருவாய்த் துறையில் காலம் தள்ளியவன். அரண்மனை என்றால் எங்கள் வீட்டில் பேச்சு தர்பாரைப் பற்றி இருக்காது, கச்சேரியைப் பற்றித்தான். பாட்டுக் கச்சேரி இல்லை. குடியானவன் தீர்வை கட்ட வந்து கைகட்டி நிற்கிற ஆபீஸ்.

தாத்தா எழுதிய பேரேடு ஒன்று என்னிடம் இருக்கிறது. சிவப்புத் துணி அட்டை, நீளவாக்கில் மடித்துத் தைத்த தாள். வரிக்கு வரி குடியானவன் பெயர், நஞ்சையா புஞ்சையா, எந்தப் பசலி (வருவாய்க் கணக்கு ஆண்டு), மேல்வாரம் (விளைச்சலில் ஜமீனின் பங்கு) எத்தனை கோட்டை எத்தனை மரக்கால் என்று தமிழ் எண்ணில் போகும். எங்கள் பக்கம் 21 மரக்கால் ஒரு கோட்டை. சில பெயருக்கு நேரே ‘பாக்கி’ என்றிருக்கும். அடுத்த பசலியில் அது ஏறும், அதற்கடுத்ததில் இன்னும் ஏறும். அப்புறம் அந்தப் பெயரே காணாமல் போய், அதே நிலம் வேறொருவர் பெயரில் தொடரும். அந்த மனுஷன் என்ன ஆனான் என்று பேரேட்டில் இல்லை.

1799-இல் பாஞ்சாலங்குறிச்சி விழுந்தபின், மிஞ்சிய பாளையக்காரர்களின் ஆயுதத்தை வாங்கி வைத்துக்கொண்டு, கையில் சன்னது என்ற உரிமைப் பத்திரத்தைக் கொடுத்து ஜமீன்தார்களாக்கியது கிழக்கிந்தியக் கம்பெனி. 1802-ஆம் வருஷ ஒழுங்குமுறைப்படி பேஷ்குஷ், அதாவது ஜமீன்தார் சர்க்காருக்குச் செலுத்தும் வருடாந்திரத் தொகை, தவறாமல் கட்டினால் நிலம் வம்சத்துக்கு, தவறினால் ஏலம். குடிகளுக்கும் நிலத்தில் நிலைத்த உரிமை உண்டு என்று சட்டம் தெளிவாகச் சொன்னது 1908-இல்தான். நடுவில் ஒரு நூற்றாண்டு ஓடிவிட்டது. சிவகங்கையில் 1829-இல் ஜமீன்தார் இறந்ததும் கிளம்பிய வாரிசுச் சண்டை, 1863-இல் லண்டன் பிரிவி கவுன்சிலில் போய்த்தான் தீர்ந்தது. அத்தனை வருஷத்து வக்கீல் பீஸும் யார் தலையில் விடிந்திருக்கும்?

சிங்கம்பட்டியையே எடுத்துக்கொள்ளுங்கள். சிறுவயது ஜமீன் வாரிசுகளைப் படிக்கவைக்க, சென்னை தேனாம்பேட்டையில் நியூயிங்டன் என்ற பங்களாவை கோர்ட் ஆஃப் வார்ட்ஸ் (மைனர் வாரிசுகளின் ஜமீனை நிர்வகித்த சர்க்கார் அமைப்பு) நடத்திவந்தது. 1919 அக்டோபரில் அதன் ஆங்கிலேய முதல்வர் டி லா ஹே, தூங்கும்போது சுட்டுக்கொல்லப்பட்டார். கடம்பூர் வாரிசு குற்றவாளிக் கூண்டில், சிங்கம்பட்டி வாரிசு அப்ரூவர், அதாவது அரசுத் தரப்புச் சாட்சியாக மாறியவர். வழக்கு பம்பாய்க்கு மாற்றப்பட்டு, கடம்பூரார் விடுதலையானார். அந்த வழக்கில் ஏறிய கடனை அடைக்கத்தான் மலையைக் குத்தகைக்கு விட்டார்கள் என்று எங்கள் ஊரில் இன்றும் சொல்வார்கள். 1929-இல் 8,000 ஏக்கருக்கு மேல், 99 வருஷத்துக்கு ஒரு தேயிலைக் கம்பெனிக்குப் போனது. அதுதான் மாஞ்சோலை தேயிலைத் தோட்டம். 1952-இல் ஜமீன் ஒழிந்தும் குத்தகை ஓயவில்லை. தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து கிள்ளிய குடும்பங்கள் இப்போது மலையைவிட்டு இறங்க வேண்டிய நிலை. அரண்மனையைச் சுற்றிப் பார்க்க வருகிறவருக்கு அந்தத் தொழிலாளர்கள் குடியிருந்த லயன் வீடுகளும் இந்த வீட்டுக் கதைதான் என்று யார் சொல்கிறார்கள்?

ஜமீன்தார்களைத் திட்டச் சொல்லவில்லை. ஆதரவு தந்த ராமநாதபுரம் ராஜா பாஸ்கர சேதுபதியை விட்டுவிட்டு விவேகானந்தரின் அமெரிக்கப் பயணத்தைப் பேச முடியாது. 2020-இல் காலமான சிங்கம்பட்டிக் கடைசி ராஜா, ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்தையனார் கோயிலில் ராஜ உடையில் அமர்ந்திருந்ததைப் பார்க்கக் கூட்டத்தில் இடிபட்டவன்தான் நானும்.

ஆனால் தொல்லியல் துறை வைக்கிற பலகைகளில் பேஷ்குஷ், மேல்வாரம், பாக்கி பற்றியும் நாலு வரி இருக்கட்டும். அதைவிட அவசரமான வேலை ஒன்று உண்டு. பழைய கர்ணம் (கணக்குப்பிள்ளை) வீடுகளின் பரணில் இந்தப் பேரேடுகள் செல்லரித்துக் கிடக்கின்றன. வீட்டை இடிக்கும்போது எடைக்குப் போகின்றன. எழும்பூர் ஆவணக் காப்பகமோ தமிழ் இணையக் கல்விக்கழகமோ தாலுகாவுக்கு ஒரு முகாம் போட்டு, ஸ்கேன் செய்துவிட்டு உடையவரிடமே திருப்பிக் கொடுக்கலாம். கணக்குப்பிள்ளை எழுத்தைப் படித்துச் சொல்ல என்னைப் போல் இன்னும் சில கிழவர்கள் இருக்கிறோம். சம்பளம் வேண்டாம், பஸ் செலவும் காப்பியும் போதும்.

ஓய்வுபெற்ற வருவாய்த் துறை ஊழியர்,
அம்பாசமுத்திரம்