உண்ணிகளில் நோய்க்கிருமி: சதவீதம் மட்டும் போதாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நகரப் பூங்காக்களில் வாழும் உண்ணிகளிடம் நோய் உண்டாக்கும் பாக்டீரியாக்கள் எவ்வளவு பரவலாக உள்ளன என்பது குறித்துத் தங்கள் இதழில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். உண்ணிக்கடி என்பது காட்டுக்குள் போகிறவர்களுக்கும் கால்நடை வளர்ப்பவர்களுக்கும் மட்டுமே உரிய தொல்லை என்ற நினைப்பை அக்கட்டுரை கலைத்தது நல்லதே. ஆனால் இத்தனை சதவீத உண்ணிகளில் கிருமி இருக்கிறது என்ற ஒற்றை எண்ணை முன்னிறுத்திவிட்டு, அவை எந்த இனம், எந்த வளர்ச்சிப் பருவம், எந்தச் சோதனையில் கண்டறியப்பட்டன என்பவற்றைச் சொல்லாமல் விட்டதைப் பெரிய குறையாகவே கருதுகிறேன்.

உண்ணிக்கடியால் பரவும் லைம் நோயை உண்டாக்கும் பொரீலியா என்ற பாக்டீரியாவையே எடுத்துக்கொள்வோம். உண்ணியின் குடலில் இக்கிருமியைக் கண்டதை விஞ்ஞானி வில்லி பர்க்டார்ஃபரும் அவருடைய குழுவினரும் 1982-இல் அறிவித்தனர். அமெரிக்காவின் வடகிழக்கில், நோய் மிகுந்த பகுதிகளின் கருங்கால் உண்ணிகளுள் முதிர்ந்தவற்றில் ஏறக்குறைய பாதியும், இளம்பருவத்தவற்றில் (குஞ்சுக்கும் முதிர்ந்ததற்கும் இடைப்பட்டவை) ஐந்தில் ஒன்று முதல் நான்கில் ஒன்று வரையும் இதைச் சுமக்கின்றன. ஐரோப்பாவில் இதே வேலையைச் செய்யும் உண்ணியினத்தில் சராசரி எட்டில் ஒன்று என்ற அளவில் இருக்கிறது. பொரீலியா முட்டை வழியாக அடுத்த தலைமுறைக்குச் செல்வதில்லை என்பதால், ஆறு காலுடன் வெளிவரும் குஞ்சு கிருமியின்றியே பிறந்து, எலி போன்ற பிராணியின் இரத்தத்தைக் குடிக்கும்போதுதான் அதைப் பெறுகிறது. இரண்டு முறை இரத்தம் குடித்த பிறகே உண்ணி முதிர்ச்சியடைவதால், முதிர்ந்தவற்றில் தொற்று வீதம் கூடுதலாக இருப்பதில் வியப்பில்லை. எந்தப் பருவத்து உண்ணிகளைப் பிடித்துச் சோதித்தோம் என்பதைப் பொறுத்து, ஒரே பூங்காவுக்கு இரு வேறு எண்கள் கிடைத்துவிடும். மனிதருக்கு நோயைத் தருவதில் முன்னிற்பதோ சதவீதம் குறைவாக உள்ள இளம் உண்ணிதான். கசகசா விதை அளவே இருப்பதால் அது கடித்திருப்பது பலருக்கும் தெரிவதேயில்லை.

உண்ணிகளின் அடர்த்தியையும் இதனுடன் சேர்த்துப் பார்க்க வேண்டும். புல்மீதும் புதர்மீதும் வெள்ளைத் துணியை இழுத்து, நூறு சதுர மீட்டருக்கு எத்தனை உண்ணிகள் ஒட்டுகின்றன என்று ஆய்வாளர்கள் கணக்கிடுகிறார்கள். பத்தில் நான்கு தொற்றுடையவையாக இருந்தாலும், உண்ணியே அரிதாகக் கிடைக்கும் புல்வெளியில் ஆபத்து சிறிது. பத்தில் ஒன்றே தொற்றுடையதாயினும், உண்ணிகள் மொய்க்கும் மரநிழல் ஓரத்தில் அது பெரிது. நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவில் மான்கள் பெருகியதைத் தொடர்ந்து உண்ணிகளும் பெருகியது இதற்குத் தக்க சான்று. மான் தன் உடலிலிருந்து பொரீலியாவைப் பரப்புவதில்லை. முதிர்ந்த உண்ணிகளுக்கு இரத்தம் தந்து அவற்றின் எண்ணிக்கையைக் கூட்டுகிறது, அவ்வளவே.

கண்டறியும் முறையிலும் சிக்கல் உண்டு. பி.சி.ஆர். சோதனை காட்டுவது பாக்டீரியாவின் மரபணுத் துணுக்கை. அந்தப் பாக்டீரியா உயிருடன் இருந்ததா, கடியின் வழியே பரவக்கூடியதா என்பதை இச்சோதனை சொல்லாது. நாய் உண்ணிகளில் பெரும்பாலானவற்றில் கியூ காய்ச்சலை உண்டாக்கும் காக்சியெல்லாவைப் போன்ற, அவற்றுடனேயே கூடி வாழும் ஒரு பாக்டீரியா இருக்கிறது. சோதனை துல்லியமாக இல்லாவிட்டால் அதையே கியூ காய்ச்சல் கிருமி என்று எண்ணிவிட வாய்ப்புண்டு. உண்ணிகள் சுமக்கும் மற்றொரு பாக்டீரியா வகையான ரிக்கெட்சியாக்களிலும் மனிதருக்கு நோய் தருவதாக அறியப்படாத இனங்கள் இருப்பதால், இனத்தைக் குறிப்பிடாமல் ரிக்கெட்சியா இருந்தது என்று மட்டும் எழுதுவது வீண் பீதிக்கே வழிசெய்யும்.

அதற்காகச் சிறிய எண்ணைக் கண்டு அலட்சியமாக இருந்துவிடவும் கூடாது. ராக்கி மலைப் புள்ளிக் காய்ச்சலை உண்டாக்கும் ரிக்கெட்சியா, அது பரவியுள்ள இடங்களில்கூடப் பெரும்பாலும் மிகச் சில உண்ணிகளில்தான் காணப்படுகிறது. ஆனால் ஆன்டிபயாடிக் மருந்துகள் வருவதற்கு முன் அந்நோய் கண்டவர்களில் ஐந்தில் ஒருவராவது இறந்தனர். மெக்சிகோவின் மெக்சிகாலி நகரில் 2008-இல் தொடங்கிய தொற்றில் அதைப் பரப்பியது, வீட்டுச் சுவர் விரிசல்களிலும் நாய்க் கொட்டில்களிலும் வாழும் சாதாரண நாய் உண்ணி. நகரத்து உண்ணி என்றதும் பூங்காவை மட்டுமே நினைப்பது எவ்வளவு போதாது என்பதை இந்த ஒரு நிகழ்வே காட்டும். (வளர்ப்பு நாய்க்கு உண்ணி மருந்து இடுவது நாயின் நலனுக்காக மட்டுமே என்று எண்ணுவோர் இன்னும் பலர் இருக்கிறார்கள்.)

இனிமேல் இத்தகைய செய்திகளில் உண்ணியின் இனம், பருவம், அடர்த்தி, சோதனை முறை ஆகியவற்றையும் சேர்த்து வெளியிடுமாறு வேண்டுகிறேன். கூடவே, கடித்த உண்ணியைக் கூர்முனை இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக மேலே இழுக்க வேண்டும் என்பதையும், நெருப்பு வைப்பதும் எண்ணெய் தடவுவதும் கூடாது என்பதையும் ஒரு பெட்டிச் செய்தியாக இடலாம். பொரீலியா உடலுக்குள் புகப் பெரும்பாலும் ஒரு நாளுக்கு மேல் ஆகும். ரிக்கெட்சியாவுக்குச் சில மணி நேரமே போதும். எனவே உண்ணியைக் கண்டவுடன் எடுத்துவிட வேண்டும். அடுத்த சில வாரங்களில் காய்ச்சலோ தோல் தடிப்போ வந்தால், உண்ணி கடித்த செய்தியை மருத்துவரிடம் முதலிலேயே சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் இதழின் வாசகர்