பதிவுப் படிவத்தில் ஏன் இத்தனை கேள்விகள்? பாங்காக் தாய் உணவகங்களுக்குச் செல்லும் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். பாங்காக்கின் உயர்தரத் தாய் உணவகங்களில் உங்களுக்கு மேசை பதிவு செய்யும்போது இனி ஒரு பக்கப் படிவமும் அனுப்புகிறோம். அது நிரப்பி வந்த பிறகுதான் பதிவு. “சாப்பிடப் போவதற்கு இத்தனை கேள்வியா?” என்று சிலர் கேட்டிருக்கிறீர்கள். நியாயம்தான். பதில் கொஞ்சம் நீளமானது. தாய்ச் சமையலறையில் ஒரு குழம்பு எந்த நேரத்தில் முடிவாகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

நம் வீட்டில் குழம்பு கொதிக்கும்போது உப்பு பார்த்து, காரம் பார்த்து, கடைசியில் தாளித்துக்கூடச் சரிசெய்துவிடலாம். தாய்க் குழம்பின் உயிர் அம்மியும் உரலும் ஓய்ந்த கையோடு முடிந்துவிடுகிறது. காய்ந்த மிளகாய், சின்ன வெங்காயம், பூண்டு, எலுமிச்சைப்புல், பேரரத்தை, கொத்தமல்லி வேர், மக்ரூட் எலுமிச்சையின் தோல், இவற்றோடு ‘கபி’ என்ற இறால் விழுது. எல்லாவற்றையும் சேர்த்து இடித்து எடுத்துவைக்கும் விழுதுதான் அடிப்படை. காரமும் இறால் வாடையும் உப்பில் ஒரு பங்கும் அதிலேயே இருக்கின்றன. இரவு 7 மணிக்கு மேசையில் உட்கார்ந்துகொண்டு “வெஜிடேரியன்” என்று சொன்னால் சமையல்காரரால் எடுக்க முடிந்தது இறைச்சித் துண்டுகளை மட்டும்தான். விழுதுக்குள் இருக்கும் இறாலை எடுக்க முடியாது.

சைவம் சாப்பிடுவோருக்காகத்தான் படிவத்தின் பாதி இடம் போகிறது. தாய்லாந்து மொழியில் இதற்கு இரண்டு சொற்கள். ‘மங்சவிரத்’ என்பது நம் காதுக்குப் பழகியதுதான்; மாம்சம், விரதி (விலகியிருத்தல்) என்ற வடசொற்களின் சேர்க்கை. இதில் முட்டை, பால் உண்டு. பேச்சுவழக்கில் சிலர் மீன் சாறான ‘நம் ப்ளா’வை இதற்குள் விட்டுவிடுகிறார்கள், அது அவர்களுக்கு உப்பு மாதிரி. ‘ஜே’ என்பது சீன பௌத்த வழக்கத்திலிருந்து வந்தது: இறைச்சி, மீன், முட்டை, பால் எதுவும் கூடாது, பூண்டு, வெங்காயம் போன்ற நெடியுள்ளவையும் கூடாது. ஆக, முட்டையும் மீன் சாறும் கூடாது, வெங்காயம் பூண்டு பரவாயில்லை என்ற நம் வழக்கமான சைவத்துக்கு அங்கே தனிச் சொல் இல்லை. எனவே படிவத்தில் ஒவ்வொன்றாகக் கேட்கிறோம்: மீன் சாறு, இறால் விழுது, ஆய்ஸ்டர் (சிப்பி) சாஸ், காய்ந்த இறால், கோழி எலும்புச் சாறு, முட்டை. “ப்யூர் வெஜ்” என்று மட்டும் எழுதி அனுப்பினால் திருப்பி அனுப்புவோம், கோபிக்க வேண்டாம்.

ஒளிந்திருக்கும் இடங்களையும் சொல்லிவிடுகிறோம். பப்பாளிக்காய்க் கலவையான ‘ஸோம் தம்’மில் காய்ந்த இறாலும் மீன் சாறும். புளிப்புக் காரச் சூப்பான தொம் யம்மில் சேரும் மிளகாய்ப் பசையான ‘நம் ப்ரிக் பாவ்’வில் காய்ந்த இறால். வதக்கிய கீரையில் ஆய்ஸ்டர் சாஸ். டோஃபு மிதக்கும் தெளிவான சூப்பில் கோழிச் சாறு அல்லது பன்றி எலும்புச் சாறு. மூன்று நாள் முன்பே தெரிந்தால் நல்ல சமையலறைகள் விழுதைத் தனியாக இடிக்கும். இறாலுக்குப் பதில் புளிக்கவைத்த சோயா சேர்க்கும். வடக்குத் தாய்லாந்தில் ‘துவா நாவ்’ என்ற புளித்த சோயா வில்லைகள் அந்த வேலையைத்தான் காலங்காலமாகச் செய்கின்றன. அப்படிச் சமைத்த குழம்பு உண்மையிலேயே நன்றாக இருக்கும். ஆனால் தனி உரல், தனிச் சட்டி, தனி எண்ணெய் என்று எவரும் உறுதி தருவதில்லை. அது கட்டாயம் வேண்டுமென்றால் சீலோம் பகுதியில் இந்திய சைவ உணவகம் பார்த்துத் தருகிறோம். வெங்காயம், பூண்டோடு வேர், கிழங்கு எல்லாம் விலக்கும் சமண வாடிக்கையாளர்களுக்கு எங்கள் பதில் நேரடியானது: தாய் உணவகம் வேண்டாம். வெங்காயம், பூண்டு, பேரரத்தை, மல்லி வேர் எதுவுமே இல்லாமல் தாய் விழுது கிடையாது.

ஆண்டில் ஒரு சமயம் மட்டும் நிலைமை மாறும். சீன நாட்காட்டியின் ஒன்பதாம் மாதத் தொடக்கத்தில் வரும் 9 நாள் ‘ஜே’ விழாவில் ஊரெங்கும் மஞ்சள் கொடி பறக்கும். பெரும்பாலான ஆண்டுகளில் அது நம் நவராத்திரியை ஒட்டியே வரும்; சீலோம் மாரியம்மன் கோயில் தெருவும் அப்போது கோலாகலம். அந்த நாட்களில் தெருக்கடைகளில் சைவம் எளிது. விலையுயர்ந்த உணவகங்கள் எல்லாம் மாறிவிடும் என்று மட்டும் நினைக்காதீர்கள்.

மாட்டிறைச்சியும் பன்றியும் வேண்டாதவர்கள் அதையும் எழுதுங்கள். மாட்டிறைச்சியைத் தவிர்ப்பது எளிது. தாய்லாந்திலேயே, குறிப்பாகச் சீன வம்சாவளியினரில், அதை உண்ணாதோர் பலர். பன்றிதான் எங்கும் நிற்கும். அன்னாசித் துண்டின் மேல் வைத்து வரும் ‘மா ஹோ’ என்ற தொடக்கச் சிற்றுண்டியைப் பார்த்தால் வேர்க்கடலை இனிப்பு போலிருக்கும். உள்ளே கொத்திய பன்றி. வேர்க்கடலை, இறால், நண்டு ஒவ்வாமை இருந்தால் ‘பிடிக்காது’ என்று எழுதாமல் ‘ஒவ்வாமை’ என்றே எழுதுங்கள். சமையலறை இரண்டையும் வேறு வேறாகக் கையாளும்.

அடுத்தது காரம். “நாங்கள் ஆந்திரக் காரமே சாப்பிடுவோம்” என்பவர்கள்தான் அதிகம் தடுமாறுகிறார்கள். நம் காரம் பெரும்பாலும் காய்ந்த மிளகாய்த்தூளில் வந்து, எண்ணெயிலும் பருப்பிலும் தணிந்திருப்பது. ‘ப்ரிக் கீ நூ’ என்ற சிறுமிளகாய் பச்சையாக இடிபட்டு, எலுமிச்சைச் சாறோடு நேராக நாக்கில் வந்து விழுகிறது. தணிக்கத் தயிர் கிடையாது. சோறும் வெள்ளரியும்தான் மருந்து. தண்ணீர் குடித்தால் எரிச்சல் பரவும். தெற்குத் தாய்லாந்துச் சமையல் இன்னும் ஒரு படி மேலே. ‘குவா க்லிங்’ என்ற வறண்ட இறைச்சி வறுவல் நல்ல காரக்காரரையும் நிறுத்திவிடும். இன்னொன்று: பச்சைக் குழம்பான ‘கேங் கியாவ் வான்’ பெயரில் வரும் ‘வான்’ என்றால் இனிப்பு என்று அகராதி சொல்லும். இங்கே அது நிறத்தின் இளமையைக் குறிப்பது. குழந்தைக்கு இனிப்புக் குழம்பு என்று நம்பி வாங்காதீர்கள். குழந்தைகளுக்கு மஸ்ஸமன் குழம்பு பொருந்தும்: ஏலம், பட்டை, கிராம்பு, சீரகம், வேர்க்கடலை, உருளைக்கிழங்கு. நம் குருமாவின் தூரத்துச் சொந்தம்.

எந்த உணவகம் என்பதையும் படிவத்திலேயே கேட்கிறோம். ஏனென்றால் ‘உயர்தரத் தாய்’ என்ற ஒரே பெயரில் மூன்று வேறு அனுபவங்கள் விற்கிறார்கள். லண்டனில் 2001இல் தொடங்கி 2010இல் பாங்காக் சாதோர்ன் சாலைக்கு வந்த ‘நாம்’ பழைய சமையல் குறிப்புகளின் வழி நடப்பது. சீலோமின் ‘லே டூ’, சீனர் குடியிருப்பில் பழைய மருந்துக்கடைக் கட்டடத்தில் 2021இல் திறந்த ‘பொத்தோங்’ இரண்டும் சமையல்காரர் முடிவுசெய்த தொடர் உணவு. தட்டு தட்டாக வரும், இரண்டரை மூன்று மணி நேரம் ஆகும், தேர்வு உங்கள் கையில் இல்லை. லே டூவின் பேர்பெற்ற ஆற்று இறால் தட்டில் சோறே இறால் விழுதில் கிளறியதுதான். சுகும்வித் 26ஆம் சந்திலுள்ள ‘சோர்ன்’ தெற்குச் சமையலுக்கானது. 2024 நவம்பரில், உணவகங்களைத் தரம்பிரிக்கும் மிஷெலின் கையேட்டின் 3 நட்சத்திரம் பெற்றது, தாய்லாந்தில் அந்த நிலையை எட்டிய முதல் உணவகம். இடம் கிடைப்பது கடினம். கிடைத்தாலும் சைவர்களுக்கு நாங்கள் அதைப் பரிந்துரைப்பதில்லை. நண்டு, இறால், புளித்த மீன் இவற்றின் மேல் எழுந்த சமையலிலிருந்து அவற்றையே எடுத்துவிட்டு முழு விலை கொடுப்பதில் பொருளில்லை. தாய்ச் சமையலை முதன்முறை சாப்பிடுவோருக்கும், பெரியவர்கள் கூட வரும் குடும்பத்துக்கும், மெனு பார்த்துக் கேட்டு வாங்கிப் பகிர்ந்துண்ணும் உணவகமே நல்லது என்பது எங்கள் கருத்து.

அப்படிப் பகிர்ந்துண்ணும் உணவகத்தில் எப்படி ஆர்டர் சொல்வது? தாய் விருந்துக்கு ‘சம்ராப்’ என்று பெயர். நம் இலைச் சாப்பாடு போலவே ஒன்றையொன்று தாங்கும் கூட்டு. நான்கு பேருக்கு ஐந்து வகை போதும்: ஒரு ‘நம் ப்ரிக்’ (காய்கறிகளோடு தொட்டுக்கொள்ளும் துவையல்), ஒரு ‘யம்’ (புளிப்புக் கலவை), ஒரு குழம்பு, ஒரு சூப், ஒரு வறுவல் அல்லது பொரித்த மீன். தேங்காய்ப்பால் குழம்போடு தேங்காய்ப்பால் சூப்பான ‘தொம் கா’வையும் வாங்குவது நம்மவர்கள் அடிக்கடி செய்வது, மூன்றாவது கரண்டியில் திகட்டிவிடும். குழம்பு தேங்காய்ப்பால் என்றால் சூப் தெளிவாக இருக்கட்டும். சூப்பை முதலில் குடித்து முடிக்கும் பழக்கமும் வேண்டாம். எல்லாம் ஒன்றாக வரும். கடைசி வரை நடுவிலேயே இருக்கும்.

சோறு உங்கள் தட்டில். மற்றவை பொது. ஒரு நேரத்தில் ஒரு வகை, ஒரு கரண்டி அல்லது இரண்டு. அதைச் சோற்றோடு முடித்துவிட்டு அடுத்தது. எல்லாவற்றையும் ஒரே சமயம் தட்டில் போட்டுப் பிசைந்தால் காசு கொடுத்து வாங்கிய எல்லாச் சுவையும் ஒன்றாகிவிடும். வலது கையில் கரண்டி, இடது கையில் முள்கரண்டி. முள்கரண்டி தள்ளுவதற்கு மட்டும், வாய்க்குப் போவது கரண்டி. சாப்ஸ்டிக் நூடுல்ஸுக்குத்தான், கேட்டு வாங்க வேண்டாம். ஒட்டரிசிச் சோற்றைக் கையால் உருட்டி உண்பதுதான் முறை, அங்கே நமக்குச் சங்கடமே இல்லை.

‘மியாங் கம்’ வந்தால் நம்மவர்கள் உடனே தேறிவிடுவார்கள். வெற்றிலை போலவே தோன்றும் இலை. வெற்றிலை அல்ல, அதே மிளகுக் குடும்பத்து ‘சா ப்ளூ’. கூம்பாக மடித்து, வறுத்த தேங்காய், இஞ்சி, சின்ன வெங்காயம், தோலோடு நறுக்கிய எலுமிச்சை, வேர்க்கடலை, மிளகாய், காய்ந்த இறால் இவற்றில் ஒவ்வொரு துணுக்கு வைத்து, வெல்லப் பாகு ஒரு சொட்டு விட்டு முழுதாக வாயில் போட வேண்டும். கடித்துக் கடித்துச் சாப்பிட்டால் உதிரும், சுவையும் சேராது.

சமையல் கோளாறு என்று நீங்கள் எங்களுக்கு எழுதும் சில விஷயங்கள் கோளாறல்ல. குழம்பின் மேல் எண்ணெய் மிதப்பது: கெட்டித் தேங்காய்ப்பாலை எண்ணெய் பிரியும்வரை காய்ச்சி, அந்த எண்ணெயில்தான் விழுதை வதக்குகிறார்கள். நாம் ‘திரிந்துவிட்டது’ என்று பதறும் கட்டம் அவர்களுக்குச் சரியான பதம். சூப்பில் மரக்கட்டை போலக் கிடக்கும் எலுமிச்சைப்புல், பேரரத்தைத் துண்டு, மக்ரூட் இலை: கறிவேப்பிலை போல ஒதுக்குவதற்கு. மாம்பழத்தோடு வரும் ஒட்டரிசியின் மேல் ஊற்றும் தேங்காய்ப்பால் உப்புக் கரிக்கும். அந்த உப்பில்தான் மாம்பழம் தூக்கலாகத் தெரியும். சில இனிப்புகளில் ஊதுபத்தி வாசனை அடிக்கிறது என்று சொல்வதும் சரிதான். ‘தியன் ஒப்’ என்ற வாசனை மெழுகுவத்தியை ஏற்றி அணைத்து, மூடிய பாத்திரத்தில் அந்தப் புகையோடு இனிப்பை அடைத்துவைக்கிறார்கள். பொன்னிறத் தோங் யிப், தோங் யோத், நூல் நூலான ஃபோய் தோங் மூன்றுக்கும் அடிப்படை முட்டை மஞ்சள் கரு; 17ஆம் நூற்றாண்டு அயுத்தயாவுக்குப் போர்த்துகீசியர் வழியாக வந்தவை. முட்டை உண்ணாதவர்கள் நிறத்தைப் பார்த்து ஜாங்கிரி என்று நினைக்க வேண்டாம்.

பில் பற்றி. மெனுவில் விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருந்தால் 10 சதவீதச் சேவைக் கட்டணமும், அந்தக் கூட்டுத்தொகையின் மேல் 7 சதவீத வரியும் உண்டு. 4,000 பாட் என்று போட்டிருப்பது 4,400 ஆகி, கையைவிட்டுப் போகும்போது 4,708. நான்கு பேர் என்றால் 18,832. தண்ணீர்ப் பாட்டிலுக்கும் தனிக் காசு. சேவைக் கட்டணம் இருப்பதால் டிப்ஸ் கட்டாயமில்லை. கார்டு தேய்க்கும்போது “ரூபாயா, பாட் நாணயமா?” என்று இயந்திரம் கேட்டால் பாட் என்பதையே அழுத்துங்கள், ரூபாய் என்றால் மாற்று விகிதத்தில் கூடுதலாகப் பிடிக்கும். மது 20 வயது நிரம்பியவர்களுக்கு மட்டும்.

முன்பணமோ கார்டு விவரமோ கேட்கும் உணவகங்களில் ஆறு பேர் என்று பதிந்து நான்கு பேர் போனாலும் இரண்டு பேருக்குரிய தொகை போய்விடலாம். எண்ணிக்கை மாறினால் எங்களுக்கு உடனே சொல்லுங்கள். ஆண்களுக்கு அரைக்கால் சட்டையும் ரப்பர் செருப்பும் கூடாது. வேட்டி தாராளமாகச் செல்லும். மாலையில் மழை வந்துவிட்டால் டாக்சியை நம்பாதீர்கள்: லே டூவுக்கு சோங் நொன்சி ரயில் நிலையம், சோர்னுக்கு ப்ரோம் போங்.

படிவம் உணவு நாளுக்கு ஐந்து நாள் முன்பாவது எங்கள் கையில் இருக்க வேண்டும். இரண்டு நாள் மொழிபெயர்த்து உணவகத்தோடு பேசவும், மூன்று நாள் அவர்கள் விழுது இடிக்கவும். உணவகம் ஒப்புக்கொண்டதைத் தாய்லாந்து மொழியில் ஒரு சீட்டாக உங்களுக்கு அனுப்புவோம். பதிவின்போதே சொல்லியிருந்தாலும், மேசையில் உட்கார்ந்ததும் முதல் தட்டு வருமுன் அதைப் பரிமாறுபவரிடம் காட்டிவிடுங்கள்.

அன்புடன்,
பதிவுப் பிரிவு
சீலோம் சாலை அலுவலகம், பாங்காக்