முதலில் காற்றைக் குறை, பாலா

டர்பன்
ஜூன் 9

பாலா,

மூன்று மாதமாய்ப் பதில் போடாத பாவி நான். நீ அனுப்பிய காவடிப் படங்களுக்குக்கூட ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டி முடித்துவிட்டு உன் பயணத் திட்டத்தைத் திரும்ப எடு.

"அப்பிங்டனில் பகல் சாப்பாடு, ராத்திரிக்கு நொசோப்" என்று எழுதியிருக்கிறாயே, கலஹாரிப் பாலைவனம் என்ன நம் மாரிட்ஸ்பர்க் ரோடா? அப்பிங்டனிலிருந்து வனவிலங்குப் பூங்காவின் ட்வீ ரிவியரன் வாசலுக்கு 250 கிலோமீட்டர், தார் ரோடு, மூன்று மணி நேரம். அங்கிருந்து நொசோப் முகாம் 160. உள்ளே வேக வரம்பு 50. நாலரை மணி நேரம் பிடிக்கும், அதுவும் ஒரு சிங்கத்துக்கும் நிற்காமல் போனால். ஜூலையில் ஆறு மணிவாக்கில் சூரியன் மறைந்துவிடும். பொழுது சாய்ந்தபின் வண்டி ரோட்டில் இருக்கவே கூடாது. முதல் ராத்திரி வாசல் முகாமிலேயே தங்கு.

என் பெரிய கவலை டயர். அந்தச் சரளை ரோடு தகரக்கூரை மாதிரி வரிவரியாய்க் கிடக்கும். டயரில் 2.4 பார் காற்றழுத்தத்தோடு போனால் பல்லும் ஆடும், நம்பர் பிளேட்டும் கழலும். காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போது அளந்து 1.8க்கு இறக்கு, சாமான் ஏற்றிய பக்கியின், அதான் உன் பிக்கப் வண்டியின், பின்சக்கரத்துக்கு 2 இருக்கட்டும். இறக்கிய காற்றோடு வேகமாய்ப் போனால் டயரின் பக்கச்சுவர் சூடேறி வெடிக்கும், அதனால் தார் ரோட்டுக்கு வந்ததும் திரும்ப நிரப்பு. கம்ப்ரெஸர் வாங்கும்போது பேட்டரியில் நேராகக் கவ்வுகிற வகையாய்ப் பார். சிகரெட் லைட்டர் துளையில் செருகுவது பக்கி டயருக்குத் திணறும், ஃபியூஸும் போகும். ஜாக்கி மணலில் புதையும். அடியில் வைக்க ஓரடிச் சதுரப் பலகை ஒன்று வேண்டும். சக்கரம் மாற்றும்போது ஒருவர் புதர்களையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். உன் மச்சானுக்கு அந்த வேலையைக் கொடு, சும்மா நிற்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை.

டீசல் மூன்று பெரிய முகாம்களிலும் கிடைக்கும். ஆனாலும் 20 லிட்டர் கேன் ஒன்று கூட வரட்டும், சில நாள் தீர்ந்துபோகும். ராத்திரிக் குளிர் பூஜ்யத்துக்குக் கீழே இறங்கும். ஊரிகாரூஸ் முகாமில் 12 வயதுக்குட்பட்டவர்களுக்கு அனுமதியில்லை. பேத்தி வந்தால் அந்த புக்கிங்கை மாற்று. அங்கே குடிதண்ணீரும் விறகும் நீதான் கொண்டுபோக வேண்டும்.

அவுப் ஆற்றுப் படுகையில் ஒட்டக முள்மரங்களைப் பார்க்காமல் ஓட்டிவிடாதே. வைக்கோல் போரைத் தூக்கிக் கிளையில் வைத்தாற்போல் தொங்குமே, அது நம் தூக்கணாங்குருவியின் சொந்தக்காரர்கள் கட்டிய கூடு. அடியிலிருந்து பார்த்தால் துளைத் துளையாய் வாசல்கள். கனம் தாங்காமல் கிளையே முறிவதும் உண்டு. அங்கே நாகப்பாம்பு குஞ்சு தேடி ஏறும், கூட்டை ரசிக்கப் போய்க் கீழே இறங்கி நிற்காதே.

பழைய குன்று நகரமான மாபுங்குப்வேயையும் அதே வாரத்தில் திணித்திருக்கிறாய். அது லிம்போபோவும் ஷாஷேயும் சேரும் வடகோடி, இது வடமேற்குக் கோடி. அதைத் தனியாய் வை. குன்றின்மேல் வழிகாட்டி இல்லாமல் ஏறவும் விடமாட்டார்கள். நீ பார்க்கத் துடிக்கிற பொன் காண்டாமிருகச் சிலையோ அங்கே இல்லை, பிரிட்டோரியா பல்கலைக்கழகத்திடம் இருக்கிறது. ஒரு சாண்கூட இராது. மரத்தில் செதுக்கி, தங்கத் தகடு போர்த்தி, குண்டூசி போன்ற பொன் ஆணிகளால் அடித்தது. மரம் மக்கிப்போய்த் தகடுதான் மிச்சம். 13ஆம் நூற்றாண்டுச் சரக்கு. அதே குன்றில் இந்துமாக்கடல் தாண்டி வந்த கண்ணாடி மணிகளும் கிடைத்திருக்கின்றன. நம் ஆட்கள் 1860இல் இங்கே கரும்புத் தோட்ட வேலைக்குக் கப்பலேறினார்கள். மணி அதற்கு அறுநூறு வருஷம் முந்திக்கொண்டதடா!

ஸ்பேர் சக்கரத்தின் நட்டு துருப்பிடித்துக் கிடக்கும். இந்த ஞாயிறே கழற்றிப் பார்த்து, அதில் காற்று எத்தனை பார் என்று எழுது.

தேவா